ரெண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிப் போகுமா?

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கொங்குத் தமிழ், படுகு, கன்னடம், தெலுங்கு, இந்தி என்று மாறி மாறிக் காதில் விழும். ஊட்டி மலைக்கு வாசலாக இருக்கிற ஊராச்சே! பெரியவர்கள் ஒரு மொழியில் விலை பேசி, இன்னொரு மொழியில் கணக்கு முடிப்பதை இங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

ஆனால், இரண்டு வயதுக் குழந்தை என்றதும் பயம் வந்துவிடுகிறது. "ஏனுங்க, வீட்ல ரெண்டு மொழி பேசுனா புள்ளைக்குப் பேச்சு வர லேட்டாகுமாமா?" என்று கேட்கிறார்கள். எல்.கே.ஜி. சேர்க்கை நெருங்க நெருங்க, "இனி இங்கிலீஷ் மட்டும்தான்" என்று சட்டம் போடும் வீடுகளும் உண்டு. அமுச்சி பேத்தியிடம் வாய் திறக்கவே தயங்குகிறார். இது தேவையா?

குழம்பாது!

கனடாவின் வான்கூவரில் பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. கர்ப்ப காலத்தில் ஆங்கிலம், பிலிப்பைன்ஸின் தகாலோக் என இரண்டு மொழியும் பேசிய தாய்மார்களின் குழந்தைகள் அவர்கள். பிறந்த சில நாட்களிலேயே இரண்டு மொழியையும் ஆர்வமாகக் கேட்டார்கள். இரண்டும் வேறு வேறு என்பதையும் பிரித்துணர்ந்தார்கள்.

"அமுச்சி, மில்க் வேணும்" என்று குழந்தை கலந்து பேசினால் அது குழப்பமல்ல. கைவசம் உள்ள சொல்லை எடுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். தமிழில் 30, படுகில் 20 என்றால் அந்தக் குழந்தையின் கையிருப்பு 50.

போன் பேச்சுக் கற்றுத்தராது

அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்து, 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆள் எதிரே உட்கார்ந்து, விளையாட்டுக் காட்டிப் பேசியபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம்.

செலவில்லாமல் என்ன கிடைக்கும்?

* அங்கன்வாடி: 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடப்பது. சத்துணவோடு பாட்டும் கதையும் விளையாட்டும் உண்டு.

* ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய இலவச இணையதளம். ஒரே படக்கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேறு பல மொழிகளிலும் படிக்கலாம். போனைக் குழந்தை கையில் கொடுக்காமல், மடியில் உட்காரவைத்து நீங்கள் வாசியுங்கள்.

* புத்தகங்கள்: சென்னையின் தூலிகா பதிப்பகம், ஒரே பக்கத்தில் இரண்டு மொழி இருக்கும் படக்கதைகளை வெளியிடுகிறது. இவை விலைக்குத்தான்.

படுகு, இருளர் மொழி பேசும் வீடுகளில் புத்தகத்துக்கு எங்கே போவது என்ற கவலை வேண்டாம். படத்தைக் காட்டி உங்கள் மொழியிலேயே கதை சொல்லுங்கள்.

எப்போது கவனிக்க வேண்டும்?

"ரெண்டு மொழி கேக்குது, அதான் பேச்சு வரல" என்று சமாதானம் சொல்லிக் காத்திருப்பதுதான் ஆபத்து. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட வரவில்லை, இரண்டு வயதில் எந்த மொழியிலும் "பால் தா" என்று இரு சொல் சேர்த்துப் பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசிய சொற்கள் குறைகின்றன... இதில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காது கேளாமையை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ, பேச்சு வருவதற்கு அவ்வளவு நல்லது. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடமும் இதைச் சொல்லலாம்.

மற்றபடி, உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் குழந்தையோடு நிறையப் பேசுங்கள். ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடம் எப்படியும் கொடுத்துவிடும். அமுச்சியின் மொழியை அமுச்சியால் மட்டும்தான் கொடுக்க முடியும். அவரைப் பேச விடுங்கள்!