கட்டியின் எந்த மூலையைச் சோதிப்பது?

நுரையீரல் புற்றுநோயில் முதல் நிலை என்றால் ஓரளவு நல்ல சேதிதான். கட்டி சிறியது; நிணநீர்க் கணுக்களுக்குப் பரவவில்லை; அறுவை சிகிச்சையில் முழுதாக எடுத்துவிடலாம். அப்படி எடுத்த பிறகும் சிலருக்கு நோய் திரும்பிவிடுகிறது. அதே நிலையில் இருந்த வேறு சிலர் பல்லாண்டு நலமாக வாழ்கிறார்கள். யாருக்குத் திரும்பும் என்று நுண்ணோக்கியை மட்டும் வைத்துச் சொல்ல முடிவதில்லை. அதற்காகத்தான் மரபணு வெளிப்பாட்டை அளக்கத் தொடங்கினார்கள்.

நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்பு. அதில் எது வேலை செய்கிறது, எவ்வளவு மும்முரமாகச் செய்கிறது என்பதுதான் செல்லுக்குச் செல் மாறும். வேலை செய்யும் மரபணு எம்ஆர்என்ஏ என்ற நகலை உண்டாக்கும். அகற்றிய கட்டியிலிருந்து இந்த நகல்களைப் பிரித்து அளந்தால், கட்டியின் போக்கு ஓரளவு பிடிபடும். 2007-இல் தைவான் ஆய்வாளர்கள் 125 பேரின் கட்டிகளை ஆராய்ந்து, ஐந்தே மரபணுக்களின் அளவைக் கொண்டு ஆபத்து மிகுந்தவர்களையும் குறைந்தவர்களையும் பிரித்துக் காட்டினார்கள். வேறு குழுக்களும் இப்படிப் பட்டியல்கள் வெளியிட்டன. ஆனால் ஒருவர் பட்டியலில் இருந்த மரபணுக்கள் மற்றவர் பட்டியலில் பெரும்பாலும் இல்லை. இவற்றைப் பயன்படுத்த மருத்துவமனைகள் தயங்கியதில் வியப்பில்லை.

குழப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம் கட்டிக்குள்ளேயே இருந்தது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. கட்டி வளர வளர அதன் செல்கள் கிளை பிரிந்து, இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. பிரிட்டனின் டிரேசர்எக்ஸ் ஆய்வில் ஒரே கட்டியின் பல இடங்களிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். பழைய பட்டியல்களை அவற்றில் பொருத்தியபோது, ஒரே நோயாளி ஓர் இடத்துத் திசுவின்படி ஆபத்துக் குறைந்தவர், இன்னோர் இடத்துத் திசுவின்படி ஆபத்து மிகுந்தவர்! திசுவை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து ஒருவரின் சிகிச்சை முடிவாவது எவ்வளவு பெரிய அநியாயம்.

அந்தக் குழு 2019-இல் வழியை மாற்றியது. கட்டிக்குள் எங்கே எடுத்தாலும் ஒரே அளவாகவும், ஆளுக்கு ஆள் வேறாகவும் இருக்கும் மரபணுக்களை மட்டும் தேடியது. கிடைத்த 23 மரபணுக்களைக் கொண்ட அளவுகோலுக்கு ஆரக்கிள் என்று பெயர். இது நுரையீரல் அடினோகார்சினோமா வகைக்கானது. கிளை பிரிவதற்கு முன்பே கட்டியில் ஏற்பட்ட குரோமோசோம் மாற்றங்களோடு இத்தகைய மரபணுக்களுக்குத் தொடர்பு உண்டு. கட்டி முழுவதும் ஒரே குரலில் பேசுவது அதனால்தான். என் பார்வையில், புதிதாக இன்னொரு பட்டியல் கிடைத்ததைவிடத் தேர்ந்தெடுத்த இந்த முறைதான் பெரிய முன்னேற்றம்.

இத்தகைய அளவுகோலின் முடிவைப் பார்க்கும்போது நோயாளியும் குடும்பத்தாரும் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பது வேறு. அறுவை சிகிச்சைக்குப் பின் கீமோதெரபி (கீமோ) கொடுத்தால் அந்த வாய்ப்பு குறையுமா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை வேண்டுமானால், ஆபத்து மிகுந்தவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீமோ கொடுத்தும் மற்றவர்களுக்குக் கொடுக்காமலும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.