கிரிவலம் வந்த கால்களுக்கு மலைப்பாதை தூரமா?

"மலையேற்றமா? அதெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கும் வெள்ளைக்காரர்களுக்கும்தான். குடும்பப் பெண்களுக்கு அது எதுக்குங்க?"

இப்படித்தான் நம்மில் பலர் நினைக்கிறோம். சினிமாப் பாட்டில் ஸ்விட்சர்லாந்து மலையையும் ஏரியையும் பார்த்து, "ஆகா, என்ன அழகு!" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறோம். அந்த நாட்டில் நடப்பதற்கென்றே சுமார் 65,000 கிலோமீட்டர் பாதைகள் போட்டு வைத்திருக்கிறார்கள். வழிநெடுக மஞ்சள் பலகை இருக்கும். அடுத்த ஊருக்கு நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று அதில் எழுதியிருப்பார்கள். மலை, ஏரி, அருவி, பள்ளத்தாக்கு எல்லாம் நமக்கும் இருக்கின்றன, சகோதரிகளே! பனி மட்டும்தான் இல்லை. நான் இருக்கும் ஆரணியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் அங்கே போய்விடலாம்.

நடை நமக்குப் புதிதா?

எங்கள் பக்கத்துப் பெண்கள் நடக்கத் தெரியாதவர்கள் அல்ல. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறோம், அதுவும் வெறுங்காலோடு. நாலாயிரம் அடிக்கு மேல் உயரமுள்ள பருவதமலையில், இரும்பு ஏணியையும் கம்பியையும் பிடித்துக்கொண்டு அறுபது வயதுப் பாட்டிகள் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

சாமிக்கென்றால் வீட்டில் யாரும் தடை சொல்வதில்லை. "சும்மா நடந்துவிட்டு வருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள்! போன தை மாதம் எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் ஏலகிரிக்குக் கிளம்பியபோது என் மாமியார், "எந்தக் கோயிலுக்கும்மா?" என்று கேட்டார். "கோயிலுக்கு இல்லை அத்தை, நடக்கத்தான்" என்றேன். "சும்மாவா?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. ஒருநாள் வேலை கெடும், சமையல் யார் செய்வது, அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்... எல்லாம்தான்.

"சும்மா இல்லை அத்தை, உடம்புக்காக" என்று சொல்ல நமக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தறி வீட்டில் உட்கார்ந்த உடம்பு

பட்டுத் தறி உள்ள வீடுகளில் பெண்ணுக்கு வேலை விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. தறிக்குழியில் இருப்பவராவது மிதியை மிதிக்கிறார், காலுக்குக் கொஞ்சம் வேலை உண்டு. ராட்டையில் தார் சுற்றுகிறவள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருப்பதில்லை. கை மட்டும் சுற்றுகிறது, முதுகு வளைந்தே இருக்கிறது. சாயங்காலம் எழுந்திருக்கும்போது "அம்மாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். தறி இல்லாத வீட்டிலும் தையல் மிஷின், டி.வி. என்று உட்கார்ந்த கதைதான்.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலில் இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் உட்கார்ந்தால் கால் வீங்கும், மரத்துப்போகும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பின் பலம் குறைய ஆரம்பிக்கும். உடம்பின் எடையைத் தாங்கி நடக்கும் நடை எலும்புக்கு நல்லது. வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமான நடை போன்ற உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. வீட்டு வேலையில் நாள் முழுக்க நின்று களைத்தாலும், ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடக்கிறோமா?

பக்கத்திலேயே ஜவ்வாது

எங்கள் ஊர் ஓரமாகப் போகும் கமண்டல நாகநதிக்குத் தண்ணீர் வருவதே ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்துதான். போளூரிலிருந்து மலைப்பாதையில் பஸ் ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கே கோமுட்டேரியில் படகு விடுகிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே பீமன் அருவி. மழை முடிந்த மாதங்களில் போனால்தான் தண்ணீரைப் பார்க்கலாம். மலைவாழ் மக்கள் சாமை விதைக்கிறார்கள், தேனும் புளியும் விற்கிறார்கள். இதே மலைத்தொடரில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல் திறக்கப்பட்டது. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் பார்வையாளர் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் ஜமுனாமரத்தூரே போதும். ஏரிக்கரையில் நிதானமாக நடந்து, மர நிழலில் கட்டுச்சோறு சாப்பிட்டுத் திரும்பலாம்.

ஏலகிரி: ஏரியும் சிகரமும்

இன்னும் கொஞ்சம் நடக்க ஆசைப்படுகிறவர்கள் திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரிக்குப் போகலாம். நாங்கள் வேலூர் போய், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் திருப்பத்தூர் பஸ்ஸில் பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். திருவள்ளுவர், கம்பர், ஔவையார் என்று படித்துக்கொண்டே ஏறினால் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதுகூட மறந்துபோகும்! ரயிலில் வருகிறவர்களுக்கு ஜோலார்பேட்டை ஜங்ஷன் கிட்டத்தில்.

ஏலகிரி ஒரே ஊர் அல்ல, 14 சிற்றூர்கள் சேர்ந்தது. உயரம் சுமார் 3,500 அடி. நடுவில் புங்கனூர் ஏரி. ஏரியைச் சுற்றி நடப்பது முதல் நாளுக்கு நல்ல பழக்கம். மூச்சு வாங்காது, கால் மட்டும் இளகும்.

மறுநாள் மங்கலம் கிராமத்திலிருந்து சுவாமிமலை ஏறினோம். உயரம் 4,338 அடி. மரங்களுக்கு நடுவே மண்ணும் கல்லுமாக ஒற்றையடிப் பாதை. பழகியவர்கள் சீக்கிரம் ஏறிவிடுவார்கள். நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற இரண்டு மணி நேரம் ஆயிற்று. கூட வந்த பக்கத்து வீட்டு அக்கா இருபது வருஷமாகத் தார் சுற்றுகிறவர். பாதி வழியில், "நீங்க போங்கடி, நான் இங்கேயே இருக்கேன்" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் குடித்துக் காலை நீவிக்கொண்டு, தானே எழுந்து வந்தார். உச்சியில் சமவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "இவ்வளவு தூரம் என் காலா கொண்டு வந்துச்சு?" என்று கேட்டார். ஊருக்கு வந்ததிலிருந்து தினமும் காலையில் ஆற்றங்கரை வரை நடக்கிறார். இடுப்பு வலி முழுக்கப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், "இப்போ எழுந்திரிக்கும்போது அம்மாடின்னு வாய் வர்றதில்லை" என்கிறார்.

நிலாவூர் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கில் ஜலகாம்பாறை அருவிக்கு இறங்கும் பாதையும் உண்டு. அது சுமார் 6 கிலோமீட்டர், கரடுமுரடான இறக்கம். நன்றாகப் பழகியவர்களுக்கே அது. மற்றவர்கள் திருப்பத்தூரிலிருந்து சாலை வழியாகவே அருவிக்குப் போய்விடலாம்.

பயம் நியாயமானதுதான்

"குரங்கணியில் என்ன ஆச்சு, பார்த்தீங்க இல்ல?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்வி. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் பலர். நடக்கப் போன ஆசைக்கு உயிரையே கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அதிலிருந்து கற்க வேண்டியது, வீட்டிலேயே இருப்பது அல்ல. காலமும் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது என்பதுதான். 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 மலைப்பாதைகளை அனுமதியோடு திறந்தது. சுலபம், நடுத்தரம், கடினம் என்று பிரித்து, மலைவாழ் மக்களிலிருந்தே பயிற்சி பெற்ற வழிகாட்டிகளைக் கூட அனுப்புகிறார்கள். சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அந்தப் பட்டியலில் உண்டு. முன்பதிவு கம்ப்யூட்டர் வழியாகத்தான். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் செய்து கொடுத்துவிடுவார்கள். கோடையில் தீ அபாயத்தை முன்னிட்டுப் பாதைகளை மூடுவார்கள். "மூடியிருந்தால் என்ன, வேறு வழி காட்டுகிறேன்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். பொங்கல் கழிந்த வாரங்கள் எங்களுக்கு மிகவும் தோதாக இருந்தன.

கிளம்புமுன் கவனியுங்கள்

* பதினைந்து நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் நடங்கள். மாடிப்படி நாலைந்து தடவை ஏறி இறங்குங்கள்.

* படி ஏறினாலே மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்தால் ரத்தசோகையாக இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மலை. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

* புடவை காலில் தட்டும், சுடிதார் வசதி. ரப்பர் செருப்பு வழுக்கும். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். புது ஷூவானால் வீட்டில் ஒரு வாரம் போட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள்.

* முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே சோதனை. கைத்தடி ஊன்றி, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு ஒரு பாட்டில். புளியோதரை, அவித்த வேர்க்கடலை, கடலை மிட்டாய் போதும். குரங்குகள் உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள்.

* மாதவிலக்கு நாளென்றால் போகக்கூடாது என்பதில்லை, உடம்பு இடம் கொடுத்தால் போகலாம். நாப்கின் கூடுதலாக வைத்துக்கொண்டு, உபயோகித்ததைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டு வாருங்கள். மற்ற குப்பையும் அப்படித்தான்.

* மலைமேல் மழை இருட்டினால் அருவிக்கும் ஓடைக்கும் கிட்டே போகாதீர்கள். வெள்ளம் சொல்லாமல் வரும்.

* பால் கொடுக்கும் தாய்மார்களும் சின்னக் குழந்தைக்காரர்களும் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிகரம் எங்கும் போகாது, பிள்ளை வளர்ந்த பிறகு ஏறலாம்.

வேலை கெடுமே என்ற கவலைக்கு நாங்கள் ஒரு வழி கண்டோம். ஒரு பாவு அறுத்து, அடுத்த பாவு பிணைக்கிறதுக்கு முன்னால் கிடைக்கும் இடைவெளியில் கிளம்பினோம். வீட்டுக்காரர்களிடம் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டோம். சாம்பார்ப் பொடியும் இட்லி மாவும் இருக்கும் இடத்தையும் காட்டிவிட்டோம். ஐந்து வீட்டிலும் சாப்பாடு நடந்தது, குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு மலை இருக்கும், மலை இல்லாவிட்டால் ஓர் ஏரிக்கரையாவது இருக்கும். தெருவில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் நடந்து ஆரம்பியுங்களேன். "சும்மாவா?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள்: "ஆமாம் அத்தை, நீங்களும் வாங்க!" அடுத்த பயணத்துக்கு என் மாமியார் பெயரையும் சேர்த்திருக்கிறோம், ஏரிக்கரை வரைக்கும்.