தள்ளும் பெல்ட், காக்கும் ஆயில்

வண்டிக்குள்ளே – 17

பத்து ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டக் காந்தம். அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு அப்பியிருந்தது. 65,000 கிலோமீட்டர் ஓடிய காரின் கியர் பாக்ஸ் அடித்தட்டிலிருந்து அதைக் கழற்றிய மெக்கானிக், என் உள்ளங்கையில் வைத்தார்.

“விரலால தேய்ச்சுப் பாருங்க சார். நெருடுதா?”

நெருடவில்லை. முகப்பவுடரை எண்ணெயில் குழைத்ததுபோல் வழவழவென்று இருந்தது.

“அப்ப பயமில்ல. பெல்ட்டும் புல்லியும் உரசுனா இந்த மாவு விழத்தான் செய்யும். இதுக்குள்ள மினுமினுன்னு துகள் தெரிஞ்சாதான் சார் கவலைப்படணும்.”

சி.வி.டி. எனப்படும் ‘தொடர்ந்து மாறும்’ கியர் பாக்ஸின் உடல்நிலையைச் சொல்ல அந்த ஒரு துளி சேறு போதும். எப்படி என்பது புரிய, முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

பல்லில்லாத கியர்

சென்ற வாரம் பார்த்த ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் பற்சக்கரங்கள் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று படிகள் உண்டு. சி.வி.டி. படிக்கட்டு அல்ல, சாய்தளம். எந்த இடத்திலும் நிற்கலாம், எந்த இடத்துக்கும் வழுக்கியபடியே போகலாம்.

இது நமக்குப் புதிய பொருளும் இல்லை. 1984-ல் வந்த கைனெடிக் ஹோண்டா முதல் இன்றைய ஆக்டிவா வரை, கியரில்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்கள் ஓடுவது இதே தத்துவத்தில்தான். இரண்டு புல்லிகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். ஒவ்வொரு புல்லியும் எதிரெதிராக வைத்த இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் நெருங்கினால் பெல்ட் மேலேறிப் பெரிய வட்டத்தில் சுற்றும். விலகினால் உள்ளே இறங்கிச் சின்ன வட்டத்தில் சுற்றும். எஞ்சின் பக்கப் புல்லியில் சின்ன வட்டமும் சக்கரப் பக்கப் புல்லியில் பெரிய வட்டமும் இருந்தால் அது ஃபர்ஸ்ட் கியர்போல. மேடு ஏறும் பலம் கிடைக்கும். இது தலைகீழானால் டாப் கியர்போல, வேகம் கிடைக்கும். இடைப்பட்ட எல்லா நிலைகளும் ஓட்டுநருக்குத் தெரியாமலே மாறிக்கொண்டிருக்கும்.

காருக்கு இதைக் கொண்டுவந்தவர் நெதர்லாந்தின் ஹூப் வான் டோர்ன். அவருடைய டாஃப் நிறுவனம் 1958-ல் அறிமுகப்படுத்திய டாஃப் 600, ரப்பர் பெல்ட்டில் ஓடிய கார். முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும் என்பதால், டாஃப் கார்களை வைத்து ரிவர்ஸ் பந்தயமே நடத்தினார்கள் அந்த ஊர்க்காரர்கள். ஆனால் பெரிய எஞ்சினின் இழுவையை ரப்பர் தாங்காது. அதற்கு விடை தேடி எழுபதுகளில் வான் டோர்ன் உருவாக்கியதுதான் எஃகுத் தள்ளு பெல்ட்.

தள்ளுகிற பெல்ட்

இந்த பெல்ட்டை முதன்முறை கையில் வாங்கியபோது நான் அசந்துபோனேன். ஏறத்தாழ 400 எஃகுச் சில்லுகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் கனம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பொருந்திய மெல்லிய எஃகு வளையங்களில் அவற்றைக் கோத்திருக்கிறார்கள்.

சைக்கிள் செயின் இழுத்து வேலை செய்கிறது. இந்த பெல்ட் தள்ளி வேலை செய்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலில் நீராவி எஞ்சின் கடைசியில் நின்று பெட்டிகளை மேலே தள்ளும் அல்லவா? அதேபோல ஒரு சில்லு அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, எஞ்சினின் பலம் அடுத்த புல்லிக்குப் போய்ச் சேர்கிறது. இந்த பெல்ட்டோடு 1987-ல் ஜப்பானில் சுபாரு ஜஸ்டி விற்பனைக்கு வந்தது. 1993-ல் வில்லியம்ஸ் அணி ஃபார்முலா ஒன் காரிலேயே இதைப் பொருத்திச் சோதித்தது. பந்தயத்தில் ஓடும் முன்பே, 1994-ன் விதிகள் சி.வி.டி.க்குத் தடை போட்டுவிட்டன.

இன்று நம் சாலைகளில் ஹோண்டா சிட்டி, ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட், கைகர் என்று பல கார்களில் சி.வி.டி. இருக்கிறது. ஹூண்டாய் ஐ.வி.டி. என்று அழைப்பதும் இதே குடும்பம்தான்; அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

பிடிமானமே உயிர்

பற்சக்கரத்தில் பல்லோடு பல் கோத்து நிற்கும். நழுவ வழியில்லை. சி.வி.டி.யில் எஃகுச் சில்லின் ஓரத்தை எஃகுத் தட்டு இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்திருக்கிறது; அவ்வளவுதான். அந்தக் கவ்வலைத் தருவது ஆயில் அழுத்தம். எஞ்சின் சுற்றும்வரை ஒரு பம்ப் ஆயிலை அழுத்திக்கொண்டே இருக்கும். டயரிலுள்ள காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். எந்தப் புல்லிக்கு எவ்வளவு அழுத்தம் என்பதை வால்வு பாடியும் அதிலுள்ள சோலனாய்டுகளும் பங்கிட்டுத் தருகின்றன.

ஆக, இங்கே ஆயிலுக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு கடமைகள். தேய்மானம் வராமல் வழுக்கவும் வேண்டும். பெல்ட் நழுவாமல் பிடிக்கவும் வேண்டும். அதற்கென்றே தனிக் கலவையில் சி.வி.டி. ஆயில் தயாராகிறது. வழக்கமான ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை இதில் ஊற்றினால் பிடிமானம் போய்விடும்.

பழுதுகளில் பெரும்பாலானவை தொடங்கும் வழி ஒன்றே. சூட்டிலும் வயதிலும் ஆயில் கெடுகிறது. அழுத்தம் தடுமாறும் ஒரு நொடியில் பெல்ட் நழுவுகிறது. நழுவிய இடத்தில் புல்லியின் முகத்தில் கீறல் விழுகிறது. கீறலில் உதிர்ந்த இரும்புத்தூள் ஆயிலோடு சுற்றி வால்வு பாடிக்குள் புகுந்து வால்வைச் சிக்கவைக்கிறது. அழுத்தம் மேலும் தடுமாறுகிறது. பெல்ட் மேலும் நழுவுகிறது. சக்கரம்போல் சுழலும் இந்தக் கேட்டைத் தொடக்கத்திலேயே அறுத்தால் செலவு ஆயிலோடு போகும். விட்டுவிட்டால் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டிவரும்.

பெரிய நிறுவனங்களும் இதில் அடிபட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான தன் சி.வி.டி. கார்களின் கியர் பாக்ஸுக்கு, நிஸான் வாரன்டியை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்க நேர்ந்தது.

வண்டி சொல்லும் அறிகுறிகள்

முதலில், பழுதே இல்லாத ஒன்று. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் மேலே போய் அங்கேயே நிற்கும். வண்டியின் வேகம் பின்னால் மெல்ல வந்து சேரும். இது சி.வி.டி.யின் இயல்பு. கிளட்ச் தேய்ந்ததோ என்று பயப்பட வேண்டாம்.

ஆனால் சீரான மெதுவேகத்தில் போகும்போது, மேடு பள்ளமான சாலையில் போவதுபோல் வண்டி அதிர்ந்தால் அது ஜட்டர். பெல்ட் நழுவுவதாக இருக்கலாம். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் அதிர்வதாகவும் இருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் கியர் பாக்ஸைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். வேகத்தோடு ஏறி இறங்கும் ‘ஊ...ங்’ என்ற ஓசை வந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். டி-யில் போட்டு இரண்டு மூன்று நொடி கழித்து வண்டி நகர்ந்தால், ஆயில் அளவோ அழுத்தமோ குறைந்திருக்கிறது.

நீண்ட மலையேற்றத்தில் திடீரென இழுவை குறைந்தால், அது பெரும்பாலும் கியர் பாக்ஸ் சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி நேர்ந்தால், ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு ஏறுங்கள். மிதித்து விரட்டாதீர்கள்.

செய்ய வேண்டியவை

ஆயில் மாற்றும் கெடுவை மேனுவலில் பாருங்கள். கடும் பயன்பாட்டுக்கு அதில் தனிக் கெடு இருக்கும். நம் வெயிலும் நகர நெரிசலும் கடும் பயன்பாடுதான். மேனுவல் சொல்லும் ரக ஆயிலைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். பல சி.வி.டி.களில் ஆயில் அளவைக் குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். அதை அறிந்த பட்டறையில் விடுங்கள்.

சரிவில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரால் வண்டியைத் தாங்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றுங்கள். வண்டி நின்றுபோனால் முன்சக்கரம் தரையில் உருள இழுத்துச்செல்ல விடாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பம்ப்பும் ஓடாது. உள்ளே ஆயிலின்றித் தேயும். வண்டி முழுவதையும் ஏற்றிச்செல்லும் லாரியைக் கேளுங்கள்.

2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. கியர் பாக்ஸின் மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் புகுந்தால் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறிவிடும். அப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சி.வி.டி. கார் பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அரை மணி நேரமாவது ஓட்டி, கியர் பாக்ஸ் சூடேறிய பிறகு முடிவெடுங்கள். பல கோளாறுகள் சூட்டில்தான் தலைகாட்டும். ஆயில் மாற்றிய ரசீதையும் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

*(தொடரும்)*

*அடுத்த வாரம்: பெல்ட்டே இல்லாத சி.வி.டி. – ஹைபிரிட் கார்களின் உள்ளே.*