நாற்காலி எந்த நாட்டில்?

அமெரிக்காவில் பதிவான சிறு மென்பொருள் கம்பெனி ஒன்று மணிலாவில் ஒருவர், சாவோ பாவ்லோவில் ஒருவர், கோவையில் ஒருவர் என்று ஆள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஆபீஸ் வாடகை மிச்சம் என்றுதான் முதலாளி கணக்குப் போட்டிருப்பார். டிசம்பர் வந்தால் தெரியும் சேதி. பிலிப்பைன்ஸ் சட்டப்படி 24ஆம் தேதிக்குள் 13ஆம் மாதச் சம்பளம் கைக்குப் போய்விட வேண்டும். பிரேசிலிலும் அது உண்டு. ஆனால் இரண்டு தவணை, இரண்டாவதற்குக் கெடு 20ஆம் தேதி. கோவைக்காரருக்கு பி.எஃப்., கிராஜுவிட்டி. வேலை இணையத்தில் நடந்தாலும், தொழிலாளர் சட்டம் ஆள் உட்கார்ந்திருக்கும் ஊரைத்தான் பார்க்கும்.

மூன்று ஆளுக்காக மூன்று நாட்டில் கிளை திறக்க முடியுமா? அதனால்தான் 'டீல்', 'ரிமோட்' போன்ற நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். ஏட்டில் ஊழியர் அவர்களுடைய ஆள். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது அவர்கள் பாடு. தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். ஜெர்மனியில் இதுவும் லேசில் நடக்காது. ஆளை இன்னொருவரிடம் வேலைக்கு விட உரிமம் வேண்டும். அப்படி விடுவதும் பொதுவாக 18 மாதம்தான்.

அந்தக் கட்டணமும் கொடுக்க மனமில்லாதவர் 'கான்ட்ராக்டர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார். நம் பிள்ளைகள் பலர் மாட்டுவது இங்கேதான். மேனேஜர் உண்டு, லீவு கேட்க வேண்டும், தினசரி மீட்டிங்கும் உண்டு. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே மாலை 6.30, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பினால் 7.30. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்புவது, முன்கூட்டியே வருமான வரி கட்டுவது, வருட வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு என்று ஆடிட்டர் வீட்டுக்கு நடக்க வேண்டியவரும் அவரே. வேலை போனால் ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான். முதலாளி தன் தலைவலியை ஊழியர் தலையில் இறக்கிவைத்துவிட்டு அதற்கு 'சுதந்திரம்' என்று பெயர் வைக்கிறார்.

முதலாளிக்கும் பயம் இல்லாமல் இல்லை. இணையப் பாதுகாப்புப் பயிற்சியே தொழிலாகக் கொண்டது ஃப்ளோரிடாவின் 'நோபீஃபோர்'. 2024இல் நான்கு வீடியோ நேர்காணல், பின்புலச் சரிபார்ப்பு எல்லாம் முடித்து ஓர் இன்ஜினியரை எடுத்தது. அனுப்பிவைத்த கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்த கையோடு அதில் வைரஸ் ஏறத் தொடங்கியது. வந்தவர் வட கொரிய ஆள். அடையாளம் ஓர் அமெரிக்கரிடம் திருடியது, புகைப்படம் ஏ.ஐ. திருத்தியது.

இப்போது சில கம்பெனிகள் ஒரு சுற்றாவது நேரில் வரச் சொல்கின்றன. வெளிநாட்டில் இருப்பவர் அந்த ஒரு சுற்றுக்காக விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.