மிரட்டாத பாடம்

1983இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் போலீஸ்காரர்கள் சீருடையோடு வகுப்பறைக்கு வந்து போதைப்பொருளின் கேட்டைப் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கினார்கள். 'டேர்' என்ற அந்தத் திட்டம் நாடு முழுக்கப் பரவியது. பெற்றோருக்குப் பிடித்தது, அரசியல்வாதிகளுக்கு இன்னும் பிடித்தது. பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் மாரீ டீசன், நிக்கோலா நியூட்டன் முதலிய ஆய்வாளர்கள் மிரட்டலைக் கைவிட்டார்கள். சிட்னியில் அவர்கள் உருவாக்கிய இணையவழிப் பாடத்துக்கு முதலில் 'கிளைமேட் ஸ்கூல்ஸ்' என்று பெயர், இன்று 'அவர்ஃபியூச்சர்ஸ்'. அது ஒரு படக்கதை. அதில் வருபவர்கள் படிப்பவர்களின் வயதுப் பிள்ளைகள்தான். மது கைக்கு வந்தால் எப்படி மறுப்பது, அளவுமீறிக் குடித்துவிட்ட நண்பனை எப்படிக் காப்பாற்றுவது என்பதெல்லாம் கதையோடு கதையாக வரும். பாதி பீரியட் மாணவர் கணினியில் தனியே படிக்கிறார். மீதி நேரம் ஆசிரியர் விவாதமும் நடிப்புப் பயிற்சியும் நடத்துகிறார். சங்கடமான பகுதியை ஆசிரியர் தாண்டிப் போய்விடவும் வழியில்லை; கணினி எல்லாருக்கும் ஒரே பாடத்தைத்தான் காட்டும்.

இதில் கெட்டிக்காரத்தனமான அம்சம் ஒன்று உண்டு. 'எல்லாரும்தான் குடிக்கிறாங்க' என்பது அந்த வயதின் உறுதியான நம்பிக்கை. பாடம் இதை மறுத்து உபதேசம் செய்வதில்லை. அதே வயதினரில் எத்தனை பேர் உண்மையில் குடிக்கிறார்கள் என்ற கணக்கை எடுத்து வைக்கிறது. பிள்ளைகள் நினைத்திருந்ததைவிட அது குறைவாகவே இருக்கிறது.

பலன் உண்டா? மனநலப் பாடத்தையும் சேர்த்து 71 பள்ளிகளில் 6,386 மாணவர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. இரண்டரை ஆண்டு கழித்தும், வழக்கமான சுகாதார வகுப்பு மட்டும் கேட்டவர்களைவிட இரண்டு பாடமும் படித்தவர்களிடம் குடிப்பழக்கம் மெதுவாகவே கூடியிருந்தது. கூடவே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வயது ஏற ஏற இரு தரப்பிலும் குடிப்பவர்கள் அதிகமாகத்தான் ஆனார்கள். அதனால்தான் பழக்கம் பரவலாகத் தொடங்குவதற்கு முன்பே, பதின்மூன்று வயதையொட்டி, எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்கள்.

மேடை போட்டு மைக்கில் பயமுறுத்தும் ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பள்ளிகள் இன்னமும் நேரம் ஒதுக்கத்தான் செய்கின்றன. சோதித்துப் பார்த்த பாடம் கையில் இருக்க, அது வீண் செலவு.