கற்பனை என்னும் சொல்லும் நாஞ்சில் நாட்டுக் கிறித்தவ இல்லறமும்

கற்பனை என்றவுடன் இற்றைநாள் மாணவர்க்குப் புலவனது உள்ளத்தெழும் புனைவே நினைவிற்கு வரும். நாஞ்சில் நாட்டுக் கிறித்தவ முதியோர்க்கோ அச்சொல் இறைவன் விதித்த சட்டத்தைக் குறிக்கும். 'பத்துக் கற்பனை' அவர்தம் இல்லத்துச் செபத்தில் பயின்ற தொடர். இப்பொருளைப் பிழை வழக்கென்பாரும் உளர். அது பொருந்தாது. கற்பித்தல் என்பதற்கு ஆணையிடுதல் என்னும் பொருளும் உண்டு. மலையாளத்தில் 'கல்பன' அரசாணையைக் குறித்தது. ஆயர் விடுக்கும் சுற்றுமடலை இன்றும் குறிக்கின்றது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் முன்னர் இந்நாடு திருவிதாங்கூரைச் சார்ந்திருந்தமையின், இப்பொருள் இம்மக்கட்கு அயலன்று.

இல்லத்தில் இக்கற்பனையை எடுத்துரைப்பவர் தந்தையே என எண்ணத் தோன்றும். சவேரியாரின் மடல்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. முத்துக்குளித்துறையில் சிறுவரே தாம் பயின்றவற்றைப் பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பித்தனர் என 1544 சனவரியில் அவர் எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில், மக்கள் மொழியில் எழுதிய செபங்களை ஊர்தோறும் வைத்து, காலையும் மாலையும் ஓதுமாறு பணித்தார். மகன் ஓதத் தந்தை கேட்கும் இக்காட்சி சிந்தித்தற்குரியது. பெற்றோரைப் பேணுக என்பது கத்தோலிக்கர் எண்ணில் நான்காம் கற்பனை. சீர்திருத்தச் சபையார் எண்ணில் ஐந்தாம் கற்பனை. எங்ஙனம் எண்ணினும் அது பத்தனுள் ஒன்றே. ஏனையவற்றின்முன் பெற்றோரும் பணிவோரே.

அப்பணிவைக் கத்தோலிக்கர் 'தாழ்ச்சி' என்பர். சீர்திருத்தச் சபையார் 'தாழ்மை' என்பர். உலக வழக்கில் தாழ்ச்சி குறைபாட்டைச் சுட்டும் சொல். அதனை அறத்தின் பெயராக்கியது கிறித்தவத் தமிழ். ஆயினும் மருமகளிடம் மட்டும் இத்தாழ்ச்சியை எதிர்பார்த்த இல்லங்களும் இருந்தன என்பதை மறைத்தற்கில்லை. என் கருத்தில் அது அச்சொல்லுக்கு இழைத்த குற்றமாகும்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, அரண்மனைப் பணியில் அரசரின் கல்பனையை நிறைவேற்றி வாழ்ந்தவர். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவியம்மைக்குத் தாமே மறையுண்மைகளை எடுத்துரைத்தார். அவரும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ எனப் பெயர் கொண்டார். பின்னர் அரசரின் கல்பனையும் இறைவனின் கற்பனையும் முரணியபோது தேவசகாயம் பின்னதற்கே பணிந்தார். 1749இல் சிறைப்பட்டார், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்பெற்றார். அவர் காட்டியது அடங்காமை என்பாரும் உண்டு. அவர் பணிவின் முதன்மையை எங்கு வைத்தார் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்புப் 'பத்துக் கட்டளைகள்' என்றே வழங்குகின்றது. சீர்திருத்தச் சபையார் ஓதும் பழைய மொழிபெயர்ப்பில் 'பத்துக் கற்பனைகள்' நிலைத்துள்ளது. ஆதலின் இன்று கத்தோலிக்க இல்லத்தில் பாட்டி கற்பனை என்பதைப் பேரன் கட்டளை என்கிறான். அடுத்த தெருவுச் சீர்திருத்தச் சபைச் சிறுவனோ பாட்டியின் சொல்லையே ஓதுகிறான்.