வேலியில் நிற்கும் பிரிவெட் எந்த இனம்?

பிரிவெட் ஒரு வேலிச் செடி. மல்லிகையும் ஆலிவும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. எதிரெதிரே அமைந்த, விளிம்பில் பல் இல்லாத இலைகளும், நான்கு மடல்களும் இரண்டே மகரந்தத் தாள்களும் கொண்ட வெள்ளைப் பூக்களும் அந்த உறவைக் காட்டுகின்றன. இங்கிலாந்தின் நகரத் தோட்டங்களில் வேலியாக நிற்பது பெரும்பாலும் அந்நாட்டுக் காட்டினம் அன்று. 19ஆம் நூற்றாண்டில் ஜப்பானிலிருந்து வந்த இனம். குளிர்காலத்திலும் இலைகளைப் பெரும்பாலும் உதிர்க்காமல், நகரத்தின் கரிப்புகையையும் தாங்கி நின்றதால் அது இடம்பிடித்தது.

இலையின் அகலத்தை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாமே என்று தோன்றும். காட்டினத்தின் இலை குறுகலானது, ஜப்பானிய இனத்தின் இலை முட்டை வடிவானது என்பது உண்மைதான். ஆனால் அடிக்கடி கத்தரிக்கப்படும் செடியில் இலையின் அளவு கிளைக்குக் கிளை மாறும். பூவே நம்பத்தக்க சாட்சி: குழல் மடல்களைவிட நீண்டிருந்தால் ஜப்பானிய இனம், ஏறக்குறைய சமமாக இருந்தால் காட்டினம். வெட்டிய வேலி பூப்பதில்லையே என்றால், இளந்தண்டை உருப்பெருக்கியில் பாருங்கள்; மென்மயிர் தெரிந்தால் காட்டினம், வழவழப்பாக இருந்தால் ஜப்பானியது. பொன்னிற இலைச் செடி தனி இனம் அன்று, ஜப்பானிய இனத்தின் தோட்ட வகை. அதில் பச்சைக் கிளை எழுந்தால், பச்சையம் மிகுந்த அதுவே விரைந்து வளர்ந்து பொன்னிறத்தை மூடிவிடும். கறுப்புப் பழங்கள் பறவைகளுக்கு உணவு, மனிதருக்கு நஞ்சு. சுவைத்துப் பார்க்க வேண்டாம்.